வெட்டுவாயில் சாணி பூசலாமா?

காற்றில் முறிந்து தொங்கிய பெரிய கிளையை அறுத்துவிட்டோம், வயதான வேம்பு, வெட்டுவாயில் சாணி பூசுவதா தார் பூசுவதா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இரண்டும் வேண்டாம். பூச்சுக்கு அடியில் ஈரம் தங்கும். பூஞ்சைக்கு அதுதான் கொண்டாட்டம்.

நம் தோலில் காயம் பட்டால் அதே இடத்தில் புதுச் செல்கள் வந்துவிடும். மரத்தில் அப்படி இல்லை. பட்ட கட்டை பட்டதுதான். மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் பிளந்து பார்த்துத்தான் 1977-இல் இதை நான்கு சுவர்களாக விளக்கினார். மேலும் கீழும் நீர்க்குழாய்களை அடைப்பது முதல் சுவர், இருப்பதிலேயே பலவீனமானது. அழுகல் நெடுக்கில் நீள்வது அதனால்தான். உள்நோக்கியும் பக்கவாட்டிலும் தடுப்பவை அடுத்த இரண்டு.

நான்காவதுதான் அற்புதம். காயம் பட்ட பிறகு கேம்பியம், அதாவது பட்டைக்கு உள்ளே புதுக்கட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கு, புதிதாகக் கட்டுவது அது. மரவாடியில் ஒரு மாங்கட்டையின் குறுக்குவெட்டில் பார்த்தேன். நடுவில் காப்பி நிறக் கறை, விரல் பட்டால் உதிர்கிறது. அதைச் சுற்றி நூல் பிடித்ததுபோல் ஒரு கருங்கோடு. கோட்டுக்கு வெளியே வெளிறிய கட்டை, ஒரு புள்ளி கறை இல்லை. காயம் பட்ட அன்று மரம் எவ்வளவு பருமனோ, அந்த அளவோடு அழுகல் நின்றிருந்தது. பொந்து விழுந்த மரம் பச்சையாய்த் தழைப்பதன் ரகசியம் இதுதான். பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் அந்தச் சுவர்தான் உடையும்.

சுவர் கட்டச் சத்து வேண்டும், அதைத் தருவது இலை. அதனால் இந்த வருடம் வேறு பச்சைக் கிளையைத் தொடாதீர்கள். மழை இல்லாத நாட்களில் கிளைகளின் நிழல் விழும் பரப்பெங்கும் ஆழமாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். சருகு மூடாக்கு போடலாம், தண்டைத் தொடாமல். பேய் ஓட்ட ஆணி அடிப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்; ஒவ்வொரு ஆணியும் ஒரு புதுக் காயம். நம் வேம்பையும் புளியையும் இப்படிப் பிளந்து பார்க்கும் ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம், கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துபோல் ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டுவைத்து, அதற்கு வெளியே ஒட்டி அறுப்பதே முறை. சரியாக அறுத்தீர்களா என்பதை வரும் வருடங்களில் மரமே காட்டும். வெட்டுவாயைச் சுற்றி உதடுபோல் புதுக்கட்டை முழு வட்டமாகத் திரண்டால் கழுத்து தப்பியது. இரண்டு பக்கம் மட்டும் திரண்டால், கழுத்தையும் சேர்த்து அறுத்திருக்கிறீர்கள்.