தங்க நிறத்துக்குக் கீழே துரு

தூத்துக்குடி உப்பளத்திலிருந்து ஒரு அண்ணாச்சி, சாக்கில் சுற்றிய பம்ப் ஷாஃப்டோடு பேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தார். வேறு இடத்தில் டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங் போட்டது. தங்கமாய் மின்னியது. சீல் உட்காரும் இடத்தில் மட்டும் கடுகு சிதறினாற்போலத் துருப்புள்ளிகள். ஒன்றை ஊசியால் கிளறினேன். மேலே கடுகளவு, உள்ளே மிளகளவு பள்ளம்.

“ரொம்பக் கெட்டியான கோட்டிங்குன்னுதான தம்பி சொன்னாவ?” என்றார்.

கெட்டிதான். கெட்டித்தன்மையைச் சொல்லும் விக்கர்ஸ் அளவில் 2000-க்கு மேல். அடியில் இருக்கும் இ.என்.8 ரக இரும்பு 200-ஐ ஒட்டி. ஆனால் தேய்மானம் வேறு, துரு வேறு. நம் கடற்கரைப் பக்கம் பலர் ஏமாறுவது இங்கேதான்.

இந்த மாதிரிக் கோட்டிங் போடும் ஸ்பட்டரிங் முறையில், வெற்றிட அறைக்குள் ஆர்கான் அயனிகள் உலோகத் தகட்டில் மோதி அணுக்களைத் தெறிக்க வைக்கும். அவை பொருளின் மேல் படியும். தடிமன் இரண்டு, மூன்று மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அந்தப் படலம் தேரிக்காட்டுப் பனைகள் நெருங்கி நிற்பதுபோலத் தூண் தூணாக வளரும். இடுக்கு வழியே உப்புத்தண்ணீர் இறங்கிவிடும். துடைக்காமல் விட்ட ஒரு தூசி போதும், அது உதிர்ந்த இடமும் ஓட்டைதான்.

துத்தநாகப் பூச்சு தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். டைட்டானியம் நைட்ரைடு அப்படி இல்லை. அது கரையாது; ஓட்டையில் தெரியும் துளி இரும்பை அரிக்க விடும். சுற்றிலும் பெரிய பரப்பு, அரிபடுவது ஒரு புள்ளி. அதனால்தான் பள்ளம் அவ்வளவு வேகமாக இறங்குகிறது. சில நேரம் கோட்டிங்கே போடாத ஷாஃப்ட் தேவலை, சீராகவாவது துருப்பிடிக்கும்.

இரும்பு மெத்தென்று இருந்தால் இன்னொரு தொல்லை. சோற்றின் மேல் அப்பளத்தை வைத்து அழுத்தினாற்போல, பாரம் ஏறும்போது படலம் விரிசல் விடும்.

உப்புத்தண்ணீரில் ஓடும் பாகம் என்றால், கோட்டிங் போடுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொருளுக்கு எதிர்மின் அழுத்தம் கொடுத்துப் படலத்தை அடர்த்தியாக்கலாம். அடியில் 20 மைக்ரானுக்கு எலெக்ட்ரோலெஸ் நிக்கல் (மின்சாரம் இல்லாமல் ரசாயனக் கரைசலில் படியவைப்பது) போட்டு, மேலே குரோமியம் நைட்ரைடு ஏற்றலாம். அப்புறம் ஓட்டைச் சோதனை கேளுங்கள்: உப்பும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கலந்த கரைசலில் நனைத்த தாளை மேலே ஒட்டினால், இரும்பு தெரியும் இடமெல்லாம் நீலப் புள்ளி விழும்.

அண்ணாச்சி முன்னாலேயே ஒட்டிக் காட்டினேன். துருவே தெரியாத இடத்தில்கூடப் பதினொரு புள்ளி. அந்த ஷாஃப்டுக்கு மறுபடி கோட்டிங் போட நான் ஒத்துக்கொள்ளவில்லை.