45 ஹெச்பி எங்கே போகிறது?

டிராக்டர் ஷோரூமில் முதல் கேள்வியே "எத்தனை ஹெச்பி பார்க்கிறீங்க?" என்பதுதான். பக்கத்துக் காட்டுக்காரர் 42 வாங்கியிருந்தால் நமக்கு 45, அவரிடம் 45 இருந்தால் நமக்கு 50. இன்ஜின் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை அந்த எண் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த வேலை மண்ணுக்குப் போய்ச் சேருகிறதா என்பது வேறு கணக்கு. அதைப் போட்டுப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போனால் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

45 ஹெச்பி என்பது ஏறத்தாழ 33 கிலோவாட். கியரிலும் பின் அச்சிலும் ஆகும் இழப்பு போக, சக்கரத்துக்கு 28 கிலோவாட் வருவதாக வைத்துக்கொள்வோம். உழவு வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 1.4 மீட்டர். திறனை வேகத்தால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும்: 20 கிலோநியூட்டன். 2 டன் எடையைத் தூக்கிப் பிடிக்கத் தேவையான விசை அது. ஆனால் இந்த ரகத்து டூ வீல் டிரைவ் வண்டியின் மொத்த எடையே 2 டன்னை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் பின் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பது சுமார் 1,250 கிலோ. உழுது இளகிய மண்ணில் ஒரு டயர் தன் மேல் உள்ள எடையில் பாதியளவுக்கு இழுத்தாலே பெரிது. ஆக, நடைமுறையில் கிடைக்கும் இழுவை 600 கிலோ. அதை 5 கிலோமீட்டர் வேகத்தோடு பெருக்கினால் 11 ஹெச்பிதான் தேறும். மிச்சம் இன்ஜினில் இருக்கிறது, ஆனால் வெளியே வர வழியில்லை. திராட்டிலைக் கூட்டினால் சக்கரம் சுற்றும், டீசல் எரியும், வண்டி நின்ற இடத்திலேயே குழி பறிக்கும்.

சக்கரம் கொஞ்சம்கூட வழுக்கக் கூடாது என்றும் இல்லை. டயரின் கட்டைகள் மண்ணைப் பின்னோக்கிச் சற்று அழுத்தி இறுக்கிய பிறகுதான் மண் எதிர்த்து நிற்கும், அப்போதுதான் பிடி கிடைக்கும். வயலில் 8 முதல் 15 சதவீத வழுக்கல் நல்லது. அளந்து பார்ப்பது எளிது. பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி 10 சுற்று ஓட்டி தூரத்தை அளக்க வேண்டும். அப்புறம் கலப்பையை இறக்கி அதே 10 சுற்று. முதலில் 41 மீட்டரும் இரண்டாவதில் 36 மீட்டரும் வந்தால் வழுக்கல் 12 சதவீதம். அளக்கப் பொறுமை இல்லாதவர்கள் டயர்த் தடத்தைப் பார்க்கலாம். கட்டையின் அச்சு துல்லியமாகப் பதிந்திருந்தால் வண்டிக்குத் தேவைக்கு மேல் எடை இருக்கிறது. அச்சே தெரியாமல் மண் தேய்ந்து கிடந்தால் எடை போதவில்லை.

எடை போதாவிட்டால் ஏற்றிக்கொள்ளலாம். பின் சக்கரத்தில் வார்ப்பிரும்பு வட்டுகளை மாட்டுவது ஒரு வழி. டயருக்குள் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புவது இன்னொரு வழி, 13.6-28 அளவு டயர் ஒன்று ஏறத்தாழ 200 கிலோ பிடிக்கும். முன்பக்கம் பம்பரிலும் எடை போட வேண்டியிருக்கும், காரணம் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இல்லாவிட்டால் ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. ஆனால் எடை இலவசமாக வருவதில்லை. மேலே இருக்கிற பாரம் மண்ணை அமுக்கும், அமுங்கிய மண்ணில் வேர் இறங்காது. வேலை முடிந்ததும் வட்டுகளைக் கழற்றி வைப்பவர்களைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை.

இந்த எடைப் பிரச்சினைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அழகான விடை கண்டுபிடித்தார். அயர்லாந்தின் வடக்கே பிறந்த ஹாரி ஃபெர்குசன். 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர்கள் கலப்பையைப் பின்னால் மாட்டி இழுத்துச் சென்றன. கலப்பை ஒரு பாறையில் மாட்டினால் பின் சக்கரம் நின்றுவிடும், இன்ஜின் நிற்காது. வண்டியே பின் அச்சைச் சுற்றி மேலெழும்பி ஓட்டுநர் மேல் கவிழும். பலர் இறந்தார்கள். வண்டியைக் கனமாக்கிக்கொண்டே போவதற்குப் பதிலாக, கலப்பையையும் வண்டியையும் ஒரே உடலாக்கினார் ஃபெர்குசன். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. இன்று எந்த டிராக்டரின் பின்னால் போய் நின்றாலும் தெரிகிற மூன்று புள்ளி இணைப்பு அதுதான்.

இதில் கீழ்க் கைகள் இழுக்கின்றன, மேல் கையான டாப் லிங்க் பெரும்பாலும் தள்ளுகிறது. கொழு மண்ணில் இறங்கி எதிர்ப்பைச் சந்திக்கும்போது கலப்பை முன்னோக்கிக் குப்புற விழப் பார்க்கும். அந்த விசை டாப் லிங்க் வழியாக வண்டியைப் பின் அச்சுக்கு மேலே பிடித்து முன்னே தள்ளும், அதனால் முன் சக்கரம் எளிதில் மேலெழாது. கலப்பையின் எடையும், அதைக் கீழே இழுக்கும் மண்ணின் பாரமும் பின் சக்கரத்தின் மேல் வந்து இறங்கும். மண் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு பிடி டயருக்குக் கூடும். சும்மா போகும்போது இல்லாத எடை, வேண்டும்போது மட்டும் வருகிறது.

ஃபெர்குசன் அதோடு விடவில்லை. டாப் லிங்க் முட்டும் இடத்தில் ஒரு ஸ்பிரிங் வைத்தார். மண் கடினமானால் ஸ்பிரிங் அமுங்கும், அது ஹைட்ராலிக் வால்வைத் திறக்கும், கலப்பை ஒரு துளி மேலே எழும், பளு குறைந்ததும் மறுபடி இறங்கும். 1938-இல் ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கிப் பேசி முடித்து, 1939-இல் ஃபோர்டு 9என் வந்தது. ஒரு டன்னைச் சற்றே தாண்டிய எடையில் இரட்டைக் கொழுக் கலப்பையை இழுத்தது. இன்றைய விளம்பரத் தாள்களில் ஏடிடிசி (ஆழத்தையும் இழுவைப் பளுவையும் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு) என்று அச்சிடுவது இதன் வழித்தோன்றலைத்தான். இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு லீவர் இருக்கும். கொத்துக் கலப்பைக்கும் சட்டிக் கலப்பைக்கும் டிராஃப்ட் (பளுவுக்கேற்பக் கலப்பை ஏறி இறங்கும்), ரோட்டவேட்டருக்கும் விதைப்புக் கருவிக்கும் பொசிஷன் (கருவி வைத்த உயரத்திலேயே நிற்கும்). எல்லா வேலைக்கும் பொசிஷன் லீவரையே பிடித்துத் தொங்குபவர்கள் நிறையப் பேர். காசு கொடுத்து வாங்கிய நுட்பம் அப்படியே கிடக்கும்.

ஃபெர்குசன் தடுத்த விபத்தை நாமே வரவழைக்கவும் முடியும். மரத்தூரையோ சேற்றில் சிக்கிய லாரியையோ இழுக்கும்போது சங்கிலியை டாப் லிங்க் கொக்கியில் மாட்டினால், பழைய ஃபோர்ட்சன் போலவே வண்டி பின்னால் கவிழும். அச்சுக்குக் கீழே உள்ள டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும்.

சரி, வெளியே வராத அந்த ஹெச்பியை எப்படி எடுப்பது? டயரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிற வழி பி.டி.ஓ., அதாவது பவர் டேக் ஆஃப். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், ஆறு பள்ளமுள்ள 35 மில்லிமீட்டர் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று. இன்ஜின் திறனில் 85 முதல் 90 சதவீதம் இதில் கிடைக்கும். ரோட்டவேட்டர் அதை வாங்கிக் கத்திகளைச் சுழற்றுகிறது. கத்தி சுற்றுவது சக்கரம் சுற்றும் திசையிலேயே என்பதால் அது வண்டியை முன்னே தள்ளவும் செய்கிறது. சக்கரத்துக்குப் பெரிய வேலை இல்லை. எடை குறைந்த டிராக்டரும் ரோட்டவேட்டரை லாகவமாக ஓட்டுவதன் காரணம் இதுதான். 45 ஹெச்பிக்கு 5 முதல் 6 அடி அகலம் பொருந்தும். ஆனால் வருடம் முழுக்க ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டினால் கத்தி தொடும் ஆழத்துக்குக் கீழே மண் கெட்டித் தட்டாகிவிடும். அதை உடைக்க உளிக்கலப்பை வேண்டும், அது மறுபடி இழுவை, மறுபடி எடை.

பி.டி.ஓ. வேலை அதிகம் என்றால் டபுள் கிளட்ச் கேட்டு வாங்குங்கள். சிங்கிள் கிளட்சில் மிதித்தவுடன் தண்டும் நின்றுவிடும். டபுளில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், கருவி ஓடும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மட்டையைத் தூளாக்கும் கருவி நின்ற இடத்தில் ஓடுவது, அங்கே எந்தக் கிளட்சும் சமாளிக்கும். வைக்கோல் கட்டும் பேலருக்கு டபுள் இல்லாமல் கட்டுப்படியாகாது. தண்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் போடாதீர்கள். 540 சுற்று என்றால் நொடிக்கு 9. அந்த மெல்லிய தண்டு வேட்டி முனையைப் பிடித்தால் ஒரே நொடியில் ஒரு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும்.

தூக்கு திறன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளம்பரத்தில் 1,500 கிலோ என்றிருப்பது கீழ்க் கைகளின் நுனியில். கருவியின் எடை மையம் பின்னே தள்ளத் தள்ளக் குறையும். பழைய கருவி வாங்குபவர்கள், அதைக் கைகளில் மாட்டும் இரும்பு ஊசியின் (பின்) அளவையும் பார்க்க வேண்டும். மூன்று புள்ளி இணைப்பின் அளவு வகையான கேட்டகரி ஒன்றில் கீழ்க் கைகளுக்கான ஊசி 22 மில்லிமீட்டர், இரண்டில் 28.

ஷோரூம்காரர் சொல்வதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. 1919-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், சோதிக்காத டிராக்டரை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் அந்த வேலையைச் செய்கிறது. அதன் அறிக்கையில் இன்ஜின் ஹெச்பியை விட்டுவிட்டு பி.டி.ஓ. திறனையும், கூடுதல் எடை இல்லாமலும் எடையோடும் அளந்த இழுவையையும் பாருங்கள். இரண்டு இழுவை எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், இரும்பு வட்டு செய்த வேலை.

டெல்டாவில் சேற்றுழவுதான் முக்கியம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே எடை பகை. லேசான வண்டி, கேஜ் வீல் (கூண்டு போன்ற இரும்புச் சக்கரம்), ரோட்டவேட்டர், முடிந்தால் ஃபோர் வீல் டிரைவ். முன் சக்கரத்தின் மேல் உள்ள எடையும் இழுவைக்குச் சேரும் என்பதே ஃபோர் வீலின் லாபம். தார் ரோட்டில் அதை எடுத்துவிட வேண்டும், முன் டயர் சற்று வேகமாகச் சுற்றும்படி அமைந்திருப்பதால் தேய்ந்தே போகும். வாழை, பாக்குத் தோப்புக்குள் நுழைய 20 முதல் 25 ஹெச்பி மினி டிராக்டர் போதும்.

கடைசியாக ஒரு கணக்கு. 6 அடி ரோட்டவேட்டர் மணிக்கு 3 கிலோமீட்டரில் போனால், திரும்பும் நேரம் கழித்து, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர். 5 ஏக்கர், இரண்டு போகம், போகத்துக்கு இரண்டு உழவு என்றால் வருடத்துக்கு 20 மணி நேரம். மற்ற நாளெல்லாம் வண்டி கொட்டகையில் நிற்கும், தவணை நிற்காது. வெளி உழவுக்கோ டிரெய்லர் வேலைக்கோ போகிற எண்ணம் இல்லாவிட்டால், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரே அந்த 5 ஏக்கருக்குப் போதும்.