மூக்கைச் சொறிந்த பொம்மை

துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பொம்மைகள் நின்றன. வெயில் சாய்ந்து, தெரு முழுக்க நிழல் விழுந்திருந்த நேரம். நான் இரண்டு படம் எடுத்துவிட்டு மூன்றாவதுக்குக் குறி பார்த்தபோது, நடுவில் நின்ற பொம்மை மூக்கைச் சொறிந்துகொண்டது. கடையில் வேலை பார்க்கிற பெண்! பக்கத்துப் பொம்மையின் சட்டையைப் பின் குத்திச் சரிசெய்துவிட்டு, ஓரடி தள்ளி நின்று, ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுவரை அவர் அசையவே இல்லை.

இப்படி ஏமாந்ததில் எனக்கு ஒரு கூட்டாளியும் உண்டு: கேமரா. முகம் தெரிந்தால் திரையில் அதைச் சுற்றி ஒரு சின்னச் சதுரம் வருமே, அது இரண்டு பொம்மைகள் மேலும் விழுந்திருந்தது. தலையைப் பக்கவாட்டில் திருப்பி நின்ற அந்தப் பெண்மேல் விழவில்லை. ஆக, கேமராவின் கணக்கில் அங்கே இரண்டு பேர். ஆனால் அந்த இரண்டு பேரும் தவறான இரண்டு பேர்.

தெருப் புகைப்படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பொம்மையைத் தேடிக் கிளம்புவதில்லை. மனிதர்களைத் தேடிப் போய், வீட்டுக்கு வந்து பார்த்தால், அன்றைய நல்ல படத்தில் இருப்பது பொம்மையாக இருக்கும். இது வெறும் அதிர்ஷ்டம் இல்லை. மூளை, ஷட்டர், கண்ணாடி மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை.

முதலில் மூளை. ஒரு முகம் கண்ணில் பட்டதும், ஏறக்குறைய 170 மில்லி விநாடியில் மூளையின் மின் அலைகளில் ஒரு பள்ளம் விழுகிறது. இதை என்170 என்பார்கள். நிஜ முகமா பொம்மை முகமா என்ற கவலை அந்தக் கட்டத்தில் மூளைக்குக் கிடையாது. இரண்டுக்கும் அந்தப் பள்ளம் வருகிறது. இரண்டு கண், நடுவில் மூக்கு, கீழே வாய் என்ற அமைப்பு இருந்தால் போதும். நிஜ முகமாக இருந்தால் அதன்பிறகும் மூளை அதை விடாமல் கவனிக்கிறது. பொம்மை என்றால் ஆர்வம் சட்டென்று வடிந்துவிடுகிறது. அதாவது முதலில் 'ஆள்' என்று தீர்ப்பு, அப்புறம்தான் மேல்முறையீடு. கண்ணாடியைத் தாண்டி நடக்கும்போது யாரோ நம்மைப் பார்ப்பதுபோல் தோன்றி, திரும்பிப் பார்த்து, 'ச்சே, பொம்மை' என்று நகர்கிறோமே, அது இந்த இடைவெளியில் நடப்பது.

மேல்முறையீட்டில் மூளை எதைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது? முகத்தில் என்றால், முக்கியமாகக் கண்ணை. கிறிஸ்டின் லூசர், தாலியா வீட்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் ஒரு சோதனை செய்தார்கள். பொம்மை முகத்தைக் கணினியில் படிப்படியாக மனித முகமாக மாற்றி, எந்தப் படியில் அதற்கு உயிர் வந்ததாகத் தோன்றுகிறது என்று கேட்டார்கள். பாதி வழியில் வரவில்லை. மூன்றில் இரண்டு பங்கு மனிதமாக மாறிய பிறகுதான் வந்தது. நிஜ முகத்தை ஓரளவுக்குக் கலந்தாலும் ஏமாற மறுக்கிற அளவுக்கு, நிதானமாகப் பார்க்கும்போது நாம் கறார்ப் பேர்வழிகள்.

ஆனால் தெருவில் அவ்வளவு நிதானம் யாருக்கு இருக்கிறது? அங்கே பெரிய சாட்சி அசைவுதான். ஸ்வீடனின் குன்னார் யோஹான்சன் 1973-இல் காட்டியது எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது. இருட்டில் ஓர் ஆளின் மூட்டுகளில் மட்டும் சிறு வெளிச்சப் புள்ளிகள், மொத்தம் ஒரு டஜன் இருக்கும். ஆள் அசையாமல் இருந்தால் அர்த்தமில்லாத புள்ளிக் கூட்டம். நடக்க ஆரம்பித்தால், பார்த்த உடனே 'மனிதர் நடக்கிறார்' என்று தெரிந்துவிடும். முகமே வேண்டாம், உடம்பே வேண்டாம், அசைவு ஒன்றே போதும்.

புகைப்படம் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்வது அந்த அசைவைத்தான். படத்துக்குள் போனதும் பொம்மையும் நிற்கிறது, மனிதரும் நிற்கிறார். பொம்மைக்கு அது பதவி உயர்வு; மனிதருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

எவ்வளவு பிடுங்குவது என்பது ஷட்டர் வேகத்தில் இருக்கிறது. சாதாரணமாக நடக்கிறவர் விநாடிக்கு 1.4 மீட்டர் போகிறார். ஷட்டர் 1/500 விநாடி திறந்தால் அதற்குள் அவர் நகர்வது 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, சிலையாக விழுவார். 1/4 விநாடி என்றால் 35 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். புகை மாதிரி விழுவார். பொம்மை மட்டும் கத்தி மாதிரிக் கூர்மையாக நிற்கும். முதல் வேகத்தில் இருவரும் சமம். இரண்டாவதில் பொம்மைதான் அந்தத் தெருவின் ஒரே நிரந்தரக் குடிமகன்.

புகைப்படக் கலையே இப்படித்தான் தொடங்கியது. 1838-இல் லூயி தாகேர் பாரிஸின் ஒரு பெரிய சாலையைப் படமெடுத்தார். படத் தகட்டில் ஒளி பதியப் பல நிமிடம் பிடித்ததால், போய்வந்த வண்டியும் ஜனமும் பதியவே இல்லை. தெளிவாகப் பதிந்தவர் காலணிக்கு மெருகு போடவைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்ற ஒருவர். பொம்மை மாதிரி நின்றதால் வரலாற்றில் இடம் பிடித்தார். அதே நகரத்தில் 1925 வாக்கில் யூஜேன் அட்ஜே, 18-க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு போடும் கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக் கண்ணாடிகளை எடுத்தார். கோப்லேன் அவென்யூவில் எடுத்தவற்றில் கோட்டுப் போட்ட பொம்மைகள் சிரிக்கின்றன. அவற்றின்மேல் எதிர்ப்புறக் கட்டடங்களும் மரங்களும் படர்ந்திருக்கின்றன. நிதானமான அந்தக் கேமராவுக்குப் பொம்மையைவிடப் பொறுமையான ஆள் எங்கே கிடைக்கும்?

படர்ந்திருக்கின்றன என்றேன். அங்கேதான் கண்ணாடி வருகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

நேராக விழும் ஒளியில் சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பரப்பு. ஆக 8 சதவீதம் திரும்பும், மீதி 92 உள்ளே போகும். இனிக் கொஞ்சம் கணக்கு. உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). கடைக்குள் விளக்கு 1,000 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தெருவிலிருந்து திரும்பும் பங்கு 8,000, உள்ளிருந்து வெளியே வரும் பங்கு 920. தெரு ஒன்பது மடங்கு ஜெயிக்கிறது, பொம்மை காணாமல் போகிறது. மேகம் மூடிய பகலில் வெளியே 10,000 லக்ஸ் என்றால் 800-க்கு 920. ஏறக்குறைய சமம்! தெருவும் கடையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். சூரியன் மறையும்போது வெளியே 400 லக்ஸ்தான், 32-க்கு 920. இப்போது கடை மட்டும்தான் தெரியும், தெரு அழிந்துவிடும். இருட்டிய பிறகு எரியும் விளம்பரப் பலகையும் வண்டி முகப்பு விளக்கும் தாங்களே ஒளி என்பதால் தாக்குப்பிடிக்கும்.

மாலை மயங்கும் நேரம்தான் இதற்கு உகந்தது என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கணக்கு வேறு சொல்கிறது. மேகமூட்டமும், கட்டட நிழல் விழுந்த பிற்பகலும்தான் சமநிலை நேரம்.

இது சராசரிக் கணக்கு. நிஜத்தில் கண்ணாடியின் ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு போட்டி நடக்கிறது. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பும். கறுப்புத் துணி 5 சதவீதம்கூடத் தேறாது. ஆகவே வெள்ளைச் சுவர் பிரதிபலிக்கும் இடத்தில் பொம்மை மறைந்துபோகும், கறுப்புச் சட்டைக்காரர் பிரதிபலிக்கும் இடத்தில் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து பொம்மை முகம் எட்டிப்பார்க்கும். இருண்ட நிறப் பேருந்து ஒன்று உங்கள் முதுகுக்குப் பின்னால் போனால், அதன் நீளத்துக்கு ஒரு திரை விலகி, வரிசையாகப் பொம்மைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையும். பின்னாலேயே வெள்ளை வேன் வந்தால் எல்லாம் துடைத்தாற்போல் போய்விடும். இரண்டு விநாடிகூட நீடிக்காத நாடகம். கண்ணாடியைப் பார்த்தபடி, காதைத் தெருவுக்குக் கொடுத்து நிற்கவேண்டும்.

நேரில் நிற்கும்போது நமக்கு இந்தக் கலவை அவ்வளவாகத் தெரிவதில்லை என்பதுதான் வேடிக்கை. காரணம் இரண்டு கண். கண்ணாடியிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் பிம்பம், கண்ணாடிக்கு உள்ளே பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பொம்மையோ அரை மீட்டர் ஆழத்தில். இரண்டு கண்ணும் சேர்ந்து இந்த ஆழ வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, 'இது தெரு, அது கடை' என்று பிரித்து வைத்துவிடுகின்றன. கேமராவுக்கு ஒற்றைக் கண். எல்லாவற்றையும் ஒரே தாளில் ஒட்டிவிடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டாமல் கண்ணாடியைப் பாருங்கள். கேமரா பார்ப்பது ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

இதே ஆழம் ஃபோகஸிலும் காலைவாரும். நீங்கள் கண்ணாடிக்கு 2 மீட்டர் முன்னால் நின்றால் பொம்மை 2.5 மீட்டரில், உங்கள் பிம்பம் 4 மீட்டரில், பின்னால் இருப்பவர் 12 மீட்டரில். மூன்றும் கூர்மையாக வேண்டுமென்றால் முழுச் சட்டக (பெரிய சென்சார்) கேமராவில் 28 மி.மீ. லென்ஸ் போட்டு, லென்ஸ் துளையின் அளவை எஃப் 8-இல் வைத்து, 3 மீட்டரை ஒட்டி ஃபோகஸ் செய்தால் போதும். கைபேசியில் சென்சார் சின்னது என்பதால் பாதிக் கவலை தானாகவே தீர்ந்துவிடும்.

லென்ஸுக்கு முன்னால் போலரைசர் என்ற ஒளி வடிகட்டியை மாட்டினால் பிரதிபலிப்பை அழிக்கலாமே என்பார்கள். நேருக்கு நேர் நின்றால் அது ஒன்றும் செய்யாது. கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 பாகை சாய்ந்து நின்றால்தான் பிரதிபலிப்பை ஏறக்குறைய முழுதாக விழுங்கும். என்னைக் கேட்டால், அதைப் பையிலேயே வைத்துவிடலாம். பிரதிபலிப்பு போய்விட்டால் மிஞ்சுவது துணிக்கடை விளம்பரம்.

பொம்மையின் தோலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மனிதத் தோலில் ஒளி கொஞ்ச தூரம் உள்ளே புகுந்து பரவி வெளியே வருகிறது. அதிலும் சிவப்பு கூடுதல் தூரம் போகும். அதனால் மூக்கு நிழலின் ஓரம் இளஞ்சிவப்பாகக் கசிகிறது. மெழுகும் ஒளியை உள்ளே விடும் என்பதால்தான் அந்தக்கால மெழுகுப் பொம்மைகள் அவ்வளவு உயிரோட்டமாகத் தெரிந்தன. வண்ணம் பூசிய கண்ணாடியிழையில் இந்தக் கசிவு கிடையாது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பு என்ற துப்பே போய்விடுகிறது. பொம்மை இன்னும் ஒரு படி மனிதராகிவிடுகிறது.

அந்தக் கடைப் பெண் இருக்கும் இரண்டாவது படத்தில் பொம்மைகள் மங்கலாக இருக்கின்றன, அவர் மட்டும் தெளிவாக இருக்கிறார். உயிருள்ளவர் என்பதால் இல்லை. அன்று நான் போட்டிருந்தது கருநீலச் சட்டை. அதன் பிம்பம் விழுந்த இடத்துக்கு நேர் பின்னால் அவர் நின்றிருந்தார்.