திங்கட்கிழமை காலை வயிற்று வலி

"சும்மா நடிக்கிறான் மேடம். ஒன்பதரை மணிக்கு மேல ஒரு வலியும் இருக்காது." நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா, உளவியல் ஆலோசகரான என்னிடம் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். குழந்தை மருத்துவரிடம் காட்டியாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று, உடம்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை வேன் ஹாரன் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நடிப்பு, திமிர், செல்லம் என்று ஒரு பெயரை வைத்துவிட்டால் அதோடு காரணம் தேடுவதை விட்டுவிடுகிறோம். மனித நடத்தையை விளக்க உளவியலில் பல சிந்தனை மரபுகள் உண்டு. பரீட்சைக்குப் படித்தபோது அவை ஒன்றோடொன்று சண்டை போடுவதாகத்தான் எனக்குத் தெரிந்தது. எதிரில் ஒரு குழந்தை வந்து உட்காரும்போது ஒவ்வொன்றும் ஒரு கேள்வியாகக் கைகொடுக்கிறது.

நான் பெரும்பாலும் நடத்தையியலில், அதாவது ஒரு நடத்தைக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பார்க்கும் மரபில், தொடங்குவேன். அம்மாவிடம் ஒரு நோட்டு கொடுத்தேன். வலிக்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு என்ன கிடைத்தது என்று எழுதச் சொன்னேன். இரண்டே வாரத்தில் விஷயம் புலப்பட்டது. "இன்னிக்கு போக வேண்டாம், படுத்துக்கோ" என்று சொன்ன சில நிமிடங்களில் வலி அடங்குகிறது. பயந்த ஒன்றைத் தவிர்த்ததும் கிடைக்கும் அந்த நிம்மதிதான் பரிசு. அதுவே அடுத்த திங்கட்கிழமையும் வலியை வரவழைக்கிறது. நடத்தையியல் அறிஞர் ஸ்கின்னர் இதை எதிர்மறை வலுவூட்டல் என்றார். பையன் திட்டம் போட்டு இதைச் செய்வதில்லை. வலி அவனுக்கு நிஜமாகவே வலிக்கிறது.

அடித்து அனுப்பினால் சரியாகுமா என்று அப்பா கேட்டார். ஏற்கெனவே இருக்கும் பயத்தோடு இன்னொரு பயம்தான் சேரும். 1920இல் ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், 11 மாதக் குழந்தை ஒன்றின் முன்னால் வெள்ளை எலியைக் காட்டி, கூடவே இரும்புக் கம்பியில் சுத்தியலால் ஓங்கி அடித்து, எலியைக் கண்டாலே அழும்படி செய்தார். அந்தப் பயத்தைப் போக்காமலே குழந்தையை விட்டுவிட்டார்கள். அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் பயத்தைப் போக்கிக் காட்டினார். முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் அவன் அதைத் தொட்டு விளையாடினான். நாங்களும் அந்த வழியில்தான் போனோம். முதலில் ஞாயிறு மாலை பள்ளி வாசல் வரை ஒரு நடை, அப்புறம் முதல் ஒரு மணி நேரம் மட்டும் வகுப்பு.

ஆனால் எதற்குப் பயம் என்று நோட்டு சொல்லாது. இரண்டு சந்திப்புகள் அவன் படம் மட்டுமே வரைந்தான், நான் அவசரப்படுத்தவில்லை. தீர்ப்புச் சொல்லாமல் காது கொடுப்பதே பாதி சிகிச்சை என்பதைக் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் மனிதநேய மரபிலிருந்து கற்றுக்கொண்டேன். மூன்றாம் முறை அவனே சொன்னான்: "தப்பா வாசிச்சா எல்லாரும் சிரிப்பாங்க." திங்கட்கிழமை முதல் பீரியட் தமிழ், எழுந்து நின்று வாசிக்க வேண்டும். நிகழ்ச்சியைவிட அதைப் பற்றி மனதில் ஓடும் எண்ணமே நம்மை அதிகம் ஆட்டுவிக்கிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் சொன்னது இதைத்தான்.

அந்த எண்ணமும் வெறும் கற்பனை இல்லை. சோதித்துப் பார்த்ததில் வாசிப்பில் உண்மையாகவே கற்றல் குறைபாடு இருந்தது. அது மூளை வளர்ச்சி சார்ந்தது, எந்த அறிவுரையாலும் தீராது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

இதே வயிற்று வலியோடு வந்த இன்னொரு சிறுமிக்குப் பள்ளியில் ஒரு குறையும் இல்லை. அவள் அம்மா அறுவை சிகிச்சை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். "நான் ஸ்கூல் போயிட்டா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோ" என்பதுதான் அவள் பயம். அங்கே எனக்கு உதவியது, குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றிப் பேசும் ஜான் பௌல்பியின் பற்றுதல் கோட்பாடு. பள்ளி வாசல் வரை நடக்கவைத்திருந்தால் அவளுக்கு ஒரு பயனும் இருந்திருக்காது.

அந்தப் பையனுக்கு இப்போது வாசிக்க வேண்டிய பத்தியை ஆசிரியர் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுகிறார். அப்பாதான் உடன் உட்கார்ந்து, விரல் வைத்து, வரி வரியாகப் படிக்கவைக்கிறார். சில திங்கட்கிழமைகளில் வயிறு இன்னும் வலிக்கிறது. "வலிக்குதுப்பா" என்று சொல்லிக்கொண்டே வேனில் ஏறுகிறான்.