கவுண்ட் வேறு, டிமாண்ட் வேறு: ஃப்ரீவே மாடலில் எண் போடும் முன்

சில வருடங்களுக்கு முன் கலிஃபோர்னியாவில் ஒரு பொதுக் கூட்டம். ஒரு ஃப்ரீவேயின் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க நாங்கள் செய்திருந்த மாடலின் சிமுலேஷன் வீடியோவைத் திரையில் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தோம். காலை 7.30 மணி, மூன்று தடங்கள், வண்டிகள் மணிக்கு 60 மைலில் சீராகப் போய்க்கொண்டிருந்தன. பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து, "பதினாறு வருடமாக இதே ரோட்டில்தான் வேலைக்குப் போகிறேன், 7.30 மணிக்கு இது இப்படி ஒரு நாள்கூட இருந்ததில்லை" என்றார். எங்கள் அட்டவணையில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. களத்தில் எண்ணியது மணிக்கு 5,700 வண்டி, மாடலில் வந்தது 5,680. அப்படியிருந்தும் அவர் சொன்னதுதான் சரி, நாங்கள் காட்டியது தவறு.

அந்தத் தவறு எங்கே நடந்தது என்று தேடிப் போனால், அது மாடலின் உள்ளே எங்கேயும் இல்லை, முதல் நாள் வண்டி எண்ணிக்கையை உள்ளே போட்ட இடத்திலேயே நடந்திருந்தது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கொடுக்கப்படுவது இந்த வேலைதான். ஒரு எக்ஸெல் ஃபைலைக் கையில் கொடுத்து "இந்த வால்யூமையெல்லாம் என்ட்ரி போட்டுவிடு" என்பார்கள், ஏதோ தட்டச்சு வேலை மாதிரி. ஆனால் மொத்த மாடலும் நிற்பதும் விழுவதும் அந்த என்ட்ரியில்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் ஒரு தடவைக்கு 200 இலை. பசியோடு 350 பேர் வந்திருக்கிறார்கள், உட்கார்ந்தவர்களின் நாற்காலிக்குப் பின்னால் மீதிப் பேர் நிற்கிறார்கள். பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று மட்டும் எண்ணினால் 200 என்றுதான் வரும், அடுத்த பந்திக்கும் 200 என்றுதான் வரும். அந்த 200 இலையின் கணக்கு, வந்தவர்களின் கணக்கு இல்லை. ஃப்ரீவேயில் நெரிசல் நேரத்தில், குறுகலான இடத்தில் பதித்த டிடெக்டர் சொல்வதும் இலைக் கணக்குதான். அந்த இடத்தால் எவ்வளவு வெளியே விட முடிந்தது என்பதைத்தான் அது எண்ணும், எத்தனை பேர் வர நினைத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. அந்த எண்ணையே எடுத்து மாடலின் வாசலில் டிமாண்டாகப் போட்டால், சாலையால் தாங்க முடிந்த அளவு வண்டி மட்டுமே உள்ளே வரும், நெரிசல் உருவாகவே உருவாகாது.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மூன்று தடக் குறுகல் ஒன்று மணிக்கு 5,700 வண்டிகளை வெளியே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 7 முதல் 8 மணி வரை அதை நோக்கி வருபவை 6,400, அடுத்த மணியில் 5,900, அதற்கடுத்த மணியில் 4,800. முதல் மணி முடிவில் 700 வண்டி தேங்கும், இரண்டாம் மணி முடிவில் 900, பத்து மணிக்குத்தான் எல்லாம் கரையும். அந்த 900 வண்டியைத் தடத்துக்கு 300 என்று பிரித்து, ஊர்ந்து போகும் வண்டிக்கு 20 மீட்டர் என்று கணக்குப் போட்டாலே வரிசை ஆறு கிலோமீட்டர் நீளும். இத்தனையும் நடக்கும்போது குறுகலில் உள்ள டிடெக்டர் மூன்று மணி நேரமும் 5,700, 5,700, 5,700 என்று ஒரே எண்ணைத்தான் காட்டும். மொத்தம் 17,100, வந்ததும் அதே 17,100தான், ஆனால் எந்த மணியில் எவ்வளவு வந்தது என்ற தகவல் அதில் அழிந்துபோய்விட்டது. நெரிசல் என்பதே அந்தத் தகவலில்தான் இருக்கிறது.

சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருப்பவர்களுக்கு இதைக் கண்ணால் பார்க்கவே முடியும். ஓக்லாண்ட் பக்கத்திலிருந்து பே பிரிட்ஜுக்குப் போகும் வழியில் ஐ-80, ஐ-580, ஐ-880 மூன்றும் வந்து சேருகின்றன, டோல் பிளாசாவைத் தாண்டியதும் வண்டிகளை அளந்து அளந்து விடும் மீட்டரிங் விளக்குகள், அதற்குப் பிறகு பாலத்தில் ஐந்து தடங்கள். காலையில் பாலத்தின் மேல் எண்ணினால் கிடைப்பது அந்த விளக்குகள் விட்ட அளவு. பாலத்துக்கு எத்தனை பேர் வர விரும்பினார்கள் என்று தெரிய வேண்டுமானால், மூன்று ஃப்ரீவேயிலும் வரிசையின் வாலைத் தாண்டிப் பின்னால் போய் எண்ண வேண்டும்.

வழியும் அதுதான். வரிசை ஒருநாளும் எட்டாத இடத்தில், மேல்பக்கத்தில், அதாவது வண்டிகள் வரும் திசையில், ஒரு டிடெக்டரைத் தேடுங்கள். நெரிசல் தொடங்குவதற்கு முன்பே எண்ணத் தொடங்கி, அது முழுவதும் கரைந்த பிறகு முடியுங்கள். 7 முதல் 9 வரை மட்டும் எடுத்தால் மேலே சொன்ன உதாரணத்தில் 900 வண்டி காணாமல் போய்விடும். மேலே வந்ததையும் கீழே போனதையும் நேரத்தோடு கூட்டிக்கொண்டே போய் இரண்டு கோடுகளாக வரைந்து பாருங்கள், இடையில் உள்ள ராம்ப்களில், அதாவது ஃப்ரீவேயில் ஏறி இறங்கும் வழிகளில், வந்த போன வண்டிகளைக் கூட்டிக் கழித்து, சாதாரணமாகப் பயணிக்க ஆகும் நேரத்துக்கு ஒரு கோட்டை நகர்த்தி. இரண்டு கோட்டுக்கும் இடையே எந்த நேரத்தில் எவ்வளவு உயரம் இருக்கிறதோ அதுதான் அந்த நேரத்தில் தேங்கிய வண்டிகள். கார்டன் நியூவெல் போன்ற போக்குவரத்து ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வளர்த்தெடுத்த முறை இது. ஒரு எக்ஸெல் ஷீட் போதும், ஆனாலும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

வரிசைக்குள் மாட்டிக்கொண்ட வெளியேறும் ராம்ப்களிலும் இதே சிக்கல் உண்டு. குறுகலுக்கு முன்பே இறங்க வேண்டியவர்களும் அந்த வரிசையில்தான் ஊர்கிறார்கள், அதனால் அந்த ராம்ப்பின் கவுண்டும் அந்த நேரத்தில் குறைவாகத்தான் தெரியும். அதை அப்படியே போட்டால் அவர்களையும் மாடலில் இழந்துவிடுகிறோம்.

அப்புறம் இந்த பேலன்சிங். மெயின்லைனில், அதாவது ஃப்ரீவேயின் பிரதான தடங்களில், மேலே வந்தது, கூட்டல் நுழையும் ராம்ப், கழித்தல் வெளியேறும் ராம்ப், இது கீழே உள்ள கவுண்டோடு ஒத்துப்போக வேண்டும். நடைமுறையில் ஒத்துப்போகாது, ஏனென்றால் ராம்ப்பை ஒரு மாதத்தில் எண்ணியிருப்பார்கள், மெயின்லைனை இன்னொரு மாதத்தில். அதனால் எல்லோரும் எண்களைத் தட்டி நிமிர்த்திச் சமப்படுத்துகிறோம். தப்பில்லை, ஆனால் நெரிசல் நேரத்தின் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் கட்டாயமாகச் சமப்படுத்துவது தப்பு. 7.15க்குத் தொடங்கும் 15 நிமிடத்தில் மேல்பக்கத்தில் 1,600 வந்து கீழ்ப்பக்கத்தில் 1,425 போயிருந்தால் அந்த 175 எண்ணும்போது நடந்த பிழையாக இருக்கலாம், சாலையில் நிஜமாகவே தேங்கி நின்ற வண்டிகளாகவும் இருக்கலாம். அதே நேரத்து வேகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வேகம் 25 மைலுக்கு விழுந்திருந்தால் அது வரிசை, அதைப் பேலன்ஸ் என்ற பெயரில் துடைத்துப் போடாதீர்கள்.

கலிஃபோர்னியாவில் வேலை செய்பவர்கள் வண்டி எண்ணிக்கையைப் பெரும்பாலும் பெம்ஸ் என்ற இணையதளத்திலிருந்துதான் எடுப்பார்கள், நானும் அப்படித்தான். மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸின் டிடெக்டர்கள் 30 வினாடிக்கு ஒரு முறை அனுப்புவதை ஐந்து நிமிடமாகத் தொகுத்துத் தருகிறது, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான அருமையான வசதி. ஆனால் டிடெக்டர் பழுதாகியிருந்தால் அந்த இடம் காலியாக இருக்காது, பக்கத்துத் தடங்களையும் பழைய நாட்களையும் வைத்து மதிப்பிட்ட எண் வந்து உட்கார்ந்திருக்கும். எவ்வளவு சதவீதம் நிஜமாக அளந்தது என்று ஒவ்வொரு வரியிலும் தனியாக ஒரு பத்தி இருக்கிறது. அதைப் பார்க்காமல் நகலெடுத்தால், யாரும் எண்ணாத ஒரு எண்ணுக்கு மாடலைப் பொருத்த இரண்டு வாரம் போராடுவீர்கள். அந்த இரண்டு வாரம் எனக்குப் போயிருக்கிறது.

யூனிட் பற்றி ஒரு வார்த்தை. விஸ்ஸிம் என்ற சிமுலேஷன் மென்பொருளில் வால்யூமை 15 நிமிட இடைவெளிகளாகப் பிரித்துப் போட்டாலும், ஒவ்வொரு இடைவெளிக்கும் அது கேட்பது மணிக்கு எத்தனை வண்டி என்ற வீதத்தை. 15 நிமிடத்தில் எண்ணிய 1,425ஐ அப்படியே போட்டால் நிஜத்தில் கால்பங்குதான் ஓடும், 5,700 என்று போட வேண்டும். இதைப் பல பேர் செய்திருக்கிறார்கள், நல்லவேளையாக ரோடு காலியாகத் தெரிவதால் சீக்கிரமே மாட்டிவிடும். உடனே மாட்டாதவைதான் ஆபத்து. உதாரணத்துக்கு, சாலையின் கொள்ளளவைக் கணக்கிடும் அமெரிக்கக் கையேடான ஹைவே கபாசிட்டி மானுவல் கணக்குக்காகத் தயாரித்த ஷீட்டிலிருந்து எண்ணை எடுப்பது. அந்த ஷீட்டில் லாரிகளைக் காருக்கு நிகராக மாற்றியிருப்பார்கள். சமதளத்தில் ஒரு லாரிக்கு இரண்டு கார், எட்டு சதவீதம் லாரி என்றால் 6,000 வண்டி 6,480 ஆகியிருக்கும். அந்த 6,480ஐ மாடலில் போட்டு, மறுபடியும் எட்டு சதவீதம் லாரி என்று வண்டிக் கலவையிலும் சொன்னால் லாரியை இரண்டு முறை எண்ணியதாகிறது. மாடலுக்கு வேண்டியது கேமராவில் பார்த்த அப்பட்டமான வண்டி எண்ணிக்கை மட்டும்தான். பீக் ஹவர் ஃபேக்டரால் (ஒரு மணி நேர எண்ணிக்கைக்கும் அதன் மிக நெரிசலான 15 நிமிடத்தின் மணி வீதத்துக்கும் உள்ள விகிதம்) வகுத்த எண்ணும் அப்படித்தான். மிக நெரிசலான 15 நிமிடத்தின் வீதத்தை ஒரு மணி நேரம் முழுவதும் ஓட்டினால் இல்லாத வண்டிகளை உருவாக்குகிறோம்.

எந்த நாளின் எண்ணைப் போடுவது என்பதில் எனக்கு முன்பு ஒரு பழக்கம் இருந்தது. செவ்வாய், புதன், வியாழன் கவுண்டுகளை எடுத்து, மழை நாள் விபத்து நாளையெல்லாம் தள்ளி, மீதியைச் சராசரி போடுவேன். பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் ஒரு நாள் நெரிசல் 6.45க்குத் தொடங்கும், இன்னொரு நாள் 7.10க்கு, சராசரியில் அந்தக் கூர்மை மழுங்கி எந்த நாளிலும் நடக்காத ஒரு காலைப்பொழுது கிடைக்கும். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் மைக்ரோசிமுலேஷன் (ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்கும் மாடல்) வழிகாட்டியை 2019-ல் புதுப்பித்தபோது இதைத்தான் வலியுறுத்தியது. நாட்களை ஒத்த தன்மையுள்ள குழுக்களாகப் பிரி, ஒவ்வொரு குழுவுக்கும் நிஜமாக நடந்த ஒரு நாளைப் பிரதிநிதியாக எடு என்றது. வேலை கூடும்தான், ஆனால் அப்படி எடுத்த நாளில் வால்யூமும் வேகமும் பயண நேரமும் ஒரே நாளுடையவை, ஒன்றுக்கொன்று முரண்படாது.

இனி அந்த 5,700க்கு 5,680. மாடல் எண்ணும் களத்து எண்ணும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்க்க ஜி.இ.எச். என்ற அளவுகோலை எல்லோரும் பயன்படுத்துகிறோம், லண்டனில் வேலை பார்த்த ஜெஃப்ரி ஹேவர்ஸ் என்பவர் 1970களில் உருவாக்கியது. மணிக்கணக்கு வால்யூமில் அது 5க்குக் கீழே, 85 சதவீத இடங்களில் இருந்தால் போதும் என்பது வழக்கம். எங்களுக்கு வந்தது 0.3. எப்படி வராமல் போகும்? வெளியே போன எண்ணையே உள்ளே போட்டுவிட்டு, வெளியே அதே எண் வருகிறதா என்று சோதித்திருக்கிறோம். நெரிசலான ஃப்ரீவேயில் வால்யூம் பொருந்துவது எதையும் நிரூபிப்பதில்லை, ஏனென்றால் 5,700 வண்டி 60 மைலிலும் போகும், 25 மைலில் ஊர்ந்தும் போகும். மாடலின் வேக வரைபடத்தையும் களத்தின் வேக வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு அச்சில் நேரம், இன்னொன்றில் தூரம், வேகம் விழுந்ததைக் காட்டும் சிவப்பு எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் பின்னால் பரவி எப்போது மறைகிறது என்று. அதில் மாடலும் களமும் ஒத்துப்போனால்தான் நான் அந்த மாடலை நம்புவேன்.

உண்மையான டிமாண்டைப் போட்ட பிறகு ஒரு புதுச் சிக்கல் வரும், அது நல்ல அறிகுறி. வரிசை பின்னால் நீண்டு மாடலின் எல்லையையே தொட்டுவிடும், அதற்கு மேல் வண்டிகள் உள்ளே வர இடமில்லாமல் வெளியே காத்திருக்கும். மென்பொருள் அவற்றைத் தனியாக எண்ணி ஒரு எச்சரிக்கையில் சொல்லும், ஆனால் தாமதக் கணக்கில் அவை சாதாரணமாகச் சேராது. அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் மூடியதால், நெரிசல் அதிகமான மாற்றுத் திட்டத்துக்குக் குறைவான தாமதம் காட்டிய அறிக்கையைப் பார்த்திருக்கிறேன். மாடலின் எல்லையை இன்னும் பின்னால் தள்ளுங்கள், வரிசையின் வால் மாடலுக்குள்ளேயே முடியும் வரை.

இது அலுவலகத்துக்குள் முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு சொல்ல மாட்டேன். எங்கே ஒரு தடம் கூட்டுவது, எந்த ராம்ப்பை மூடுவது, எந்தச் சுவரை இடிப்பது என்று இந்த மாடலைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மேல் குறுகலில் எண்ணியதையே டிமாண்டாகப் போட்ட மாடலில் அந்தக் குறுகலை அகலப்படுத்திப் பார்த்தால், கீழே எல்லாம் அருமையாக ஓடும். நிஜத்தில், இத்தனை நாள் மேலே தடுக்கப்பட்டிருந்த வண்டிகள் விடுபட்டதும் இரண்டு மைல் கீழே மறைந்திருந்த அடுத்த குறுகல் விழித்துக்கொள்ளும். கோடிக்கணக்கான டாலர் செலவழித்து, வரிசையை ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நகர்த்தியதுதான் மிச்சம். மாடலில் அதற்கான தடயமே இருந்திருக்காது, அந்த வண்டிகளை நாம் உள்ளேயே விடவில்லையே.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் அந்த மாடலை மறுபடி செய்தோம். மேல்பக்கத்தில் நான்கு மைல் தள்ளி ஒரு டிடெக்டரை எடுத்தோம், நேரத்தை 5.30 முதல் 10.30 வரை நீட்டினோம். அன்றிலிருந்து என் குழுவில் வால்யூம் ஷீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று பத்தி கூடுதலாக இருக்கும்: எந்த இடத்தில் எண்ணியது, எந்த நாளில், அப்போது அங்கே வேகம் என்ன. மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் எந்த எண்ணையும் யாரும் மாடலுக்குள் போடுவதில்லை. திருத்திய வீடியோவை அடுத்த கூட்டத்தில் ஓட்டியபோது அந்தப் பெண்மணி வந்திருந்தார். 7.30க்குச் சிவப்பு அவர் ஏறும் ராம்ப்பைத் தாண்டிப் போனதைப் பார்த்துவிட்டு, "இது என் ரோடு" என்றார்.