‘தோத்துட்டோம்’ என்று சொல்கிறவர்கள்

2025 மே முதல் வாரம். ஓர் அம்மா தன் 19 வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். "மேட்ச் தோத்தா சாப்பிட மாட்டேங்கிறான் மேடம். ரூம் கதவைச் சாத்திக்கிறான். செமஸ்டர் வேற நெருங்குது. கிரிக்கெட் பைத்தியம் எல்லா வீட்லயும்தான் இருக்கு, அதுக்காக இப்படியா?" என்றார். அதற்கு முந்தின சனிக்கிழமை இரவு, பெங்களூருவில் சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டே ரன்னில் தோற்றிருந்தது. புள்ளிப்பட்டியலில் கடைசி இடம்.

பையன் மஞ்சள் ஜெர்சி போட்டிருந்தான். துவைத்துத் துவைத்து வெளிறிப்போன ஜெர்சி. முதுகில் இருந்த 7 உரிந்து, மேல்கோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை என்ன ஆச்சு தம்பி?"

"தோத்துட்டோம்."

மனநல ஆலோசகராக இந்த வேலைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. விளையாட்டு ரசிகர் யாராவது எதிரே உட்கார்ந்தால், அவர் பேச்சில் வினைச்சொல் எப்படி முடிகிறது என்பதைத்தான் முதலில் கவனிப்பேன். அணி வென்றால் எல்லோருமே "ஜெயிச்சுட்டோம்" என்கிறோம். களத்தில் ஓடியது பதினோரு பேர், சோபாவில் உட்கார்ந்திருந்த நாமும் அந்த ‘ஓம்’-இல் ஏறிக்கொள்கிறோம். தோற்ற மறுநாள் அதே வாய் "சொதப்பிட்டானுங்க" என்கிறது. ‘ஓம்’ போய் ‘ஆனுங்க’ வந்துவிடுகிறது. இதில் தப்பொன்றும் இல்லை, மனசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் 1976-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார்கள். பல்கலைக்கழகக் கால்பந்து அணி சனிக்கிழமை வென்றிருந்தால், திங்கள்கிழமை அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட உடையில் வரும் மாணவர்கள் அதிகம். போனில் கேட்டபோதும், வென்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசுகையில் ‘நாம்’ தாராளமாக வந்தது. தோற்ற ஆட்டத்தைப் பேசும்போது அது குறைந்துவிட்டது.

தோற்ற பிறகும் "தோத்துட்டோம்" என்று சொல்கிறவர் வேறு ரகம். இவருக்கு அணியிலிருந்து விலகி நிற்கத் தெரியாது. நான் இங்கே பேசுவது இவரைப் பற்றித்தான். அவர் எப்படி இப்படி ஆனார் என்று தெரியாமல் ‘டிவியை ஆஃப் பண்ணு’ என்று சொல்வதில் பயனில்லை.

அந்தப் பையனிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "முதல்ல யார்கூட உட்கார்ந்து பார்த்தே?" தீவிர ரசிகர்களிடம் இதைக் கேட்டால், பதிலில் முதலில் வருவது அநேகமாக ஆட்டக்காரர் பெயராக இருக்காது. அப்பா வருவார், அண்ணன் வருவான், ஹாஸ்டல் டிவி ரூம் வரும், பக்கத்துத் தெரு டீக்கடை வரும்.

இவன் "மாமா" என்றான். அம்மாவின் தம்பி. 2019 மார்ச் 23, அந்த சீசனின் முதல் ஆட்டத்துக்குச் சேப்பாக்கம் கூட்டிப் போயிருக்கிறார். பெங்களூரு 70 ரன்னுக்குச் சுருண்ட மேட்ச். ஸ்டேடியம் வாசலில் பிளாட்பாரக் கடையில் ஜெர்சி வாங்கியபோது, "ரெண்டு சைஸ் பெரிசா எடு, வளர்ற பையன்" என்றாராம். அவன் அன்று போட்டுக்கொண்டிருந்தது அதே ஜெர்சிதான்.

அப்புறம் 2021. கொரோனா இரண்டாம் அலை. மே 1-ம் தேதி சென்னை 218 ரன் அடித்தும், பொல்லார்டு 34 பந்தில் 87 எடுத்து, மும்பை கடைசிப் பந்தில் ஜெயித்த ஆட்டத்தை மாமாவும் மருமகனும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். மூன்று நாளில், மே 4 அன்று, ஐபிஎல்லையே நிறுத்திவிட்டார்கள். அந்த வாரம் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. மே மாதம் முடிவதற்குள் போய்விட்டார். செப்டம்பரில் அமீரகத்தில் மிச்ச ஆட்டங்கள் தொடங்கின. அக்டோபர் 15, விஜயதசமி இரவு, துபாயில் கொல்கத்தாவை 27 ரன்னில் தோற்கடித்துச் சென்னை கோப்பையை வாங்கியது.

"கப் அடிச்சது அவருக்குத் தெரியாது மேடம்" என்றான் பையன்.

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது கூடப்பிறந்தவன். தம்பி போனதிலிருந்து, ஹாலில் மேட்ச் ஓடினால் அடுப்படிக்குப் போய்விடுவாராம். தம்பியைப் பற்றிப் பேசினால் பையன் உடைந்துவிடுவான் என்று அவர் பேசுவதில்லை. அம்மா உடைந்துவிடுவாள் என்று பையனும் பேசுவதில்லை. ஐபிஎல் மட்டும் வருஷம் தவறாமல் மாமாவின் நினைவு நாள் வரும் அதே மாதங்களில் வந்துகொண்டிருந்தது. (இருவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எல்லா ரசிகருக்குப் பின்னாலும் ஓர் இழப்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பெரும்பாலும் ஓர் உறவு இருக்கிறது. விளையாட்டு அந்த உறவுக்கு உட்கார இடம் தருகிறது. அப்பாவும் வளர்ந்த மகனும் மனம் விட்டுப் பேச நம் வீடுகளில் எத்தனை விஷயம் இருக்கிறது? மார்க், சம்பளம், கல்யாணம். மூன்றுமே சண்டையில் போய் முடியும். "இன்னிக்கு யாரு ஓப்பனிங்?" என்பதில் மட்டும் இருவரும் ஒரே பக்கம்.

சரி, ஒரு நிறுவனம் காசு கொடுத்து ஏலத்தில் எடுத்த ஆட்கள் எப்படி ‘நம்ம ஆளு’ ஆகிறார்கள்? 2008-ல் தோனி சென்னைக்கு வந்தபோது ராஞ்சிக்காரர், தமிழ் தெரியாது. அணியில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் சிலர்தான். இன்று அவர் ‘தல’. இதற்கு விடை ஹென்றி டாஜ்ஃபெல் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை வைத்துச் செய்த சோதனையில் கிடைக்கும். நீ இந்த ஓவியர் பக்கம், நீ அந்த ஓவியர் பக்கம் என்று ஒரு சாக்குச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டாகப் பிரித்தார். ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பேசவில்லை. ஆனாலும் காசு பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கே அதிகம் ஒதுக்கினார்கள். ஒரு பெயர் இருந்தால் போதும், மனசு அதற்குள் குடியேறிவிடும். இங்கே பெயர் ‘சென்னை’. ஒரு நிறம், ஒரு விசில், இரண்டு மாதம் மாலை ஏழரை மணி. பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து, யாரையும் தெரியாமல் மேன்ஷன் அறையில் இருக்கிற பையன் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு மெரினா பக்கம் போனால், முன்பின் தெரியாதவன் தோளில் கை போட்டு விசில் அடிக்கிறான். அந்த ஒரு மாலைக்கு அவன் இந்த ஊர்க்காரன். உள்ளூர் அணியோடு ஒட்டுதல் உள்ளவர்களிடம் தனிமை உணர்வு குறைவாக இருப்பதை அமெரிக்க உளவியலாளர் டேனியல் வான் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார். என் அனுபவமும் அதுதான். ரசிகராக இருப்பது அநேகம் பேருக்கு நல்லதே செய்கிறது. இதை மனநலத் துறையில் இருப்பவர்கள் இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

கஷ்டம் வந்தால் இந்த ஒட்டுதல் இறுகுமே தவிரத் தளராது. சூதாட்ட விவகாரத்தில் 2016, 2017 இரண்டு சீசன்களும் சென்னை அணிக்குத் தடை. 2018-ல் திரும்பி வந்தது. காவிரிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஒரு ஆட்டம் நடந்ததோடு சரி, மற்ற சொந்த ஊர் ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. சென்னையிலிருந்து தனி ரயிலில் ஆயிரம் பேர் அளவுக்கு மஞ்சள் சட்டையோடு புனே போனார்கள். இரண்டு வருஷம் இல்லாத அணிக்காகக் காத்திருந்தவர்களிடம், ‘இது வெறும் விளையாட்டு’ என்று சொன்னால் அவர்கள் காதில் எப்படி விழும்?

ராசி பார்ப்பதும் இங்கிருந்துதான் வருகிறது. "நான் எழுந்தா விக்கெட் விழுது" என்று ஒன்றுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். படித்தவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள். முடிவு நம்மை அறுக்கிறது, ஆனால் முடிவில் நமக்குக் கையில்லை. அந்த இயலாமையைத் தாங்க முடியாத மனசு, நாற்காலியின் மூலையைப் பிடித்துக்கொண்டு தனக்கும் ஒரு வேலை கொடுத்துக்கொள்கிறது. 2023 இறுதி ஆட்டம் நினைவிருக்கும். அகமதாபாத்தில் மழை, தேதி மே 30-க்கு மாறிய நள்ளிரவு, இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். அந்த இரவில் எந்த மூலையில் எந்தக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம் என்பது இன்றும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத மகிழ்ச்சிக்குத்தான் மூளை அதிகம் அடிமையாகிறது.

இனி கவலைக்குரிய பக்கம். ஒரு நாற்பத்தைந்து வயதுக்காரரின் மனைவி என்னிடம் வந்தார். கணவர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை. ஆனால் அணி தோற்றால் கத்துவார், ரிமோட் பறக்கும். "எட்டு வயசுப் பொண்ணு மேடம். ஹாலுக்கு வர்றதுக்கு முன்னாடி என் போன்ல ஸ்கோர் பார்த்துட்டுத்தான் வருது" என்றார். அந்தக் குழந்தைக்குக் கிரிக்கெட் பிடிக்காது. அப்பாவின் மூடு என்னவென்று தெரிந்துகொள்ள ஸ்கோர் பார்க்கிறது. இதை அவரிடம் அப்படியே சொன்னேன். ரொம்ப நேரம் அவர் பேசவில்லை.

அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களை வைத்து 2011-ல் வந்த ஓர் ஆய்வு இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பிய உள்ளூர் அணி தோற்ற நாட்களில், ஆண்கள் வீட்டில் மனைவியையோ துணையையோ தாக்கிய புகார்கள் சுமார் 10 சதவீதம் கூடின. தோல்வி எதிர்பார்த்ததுதான் என்றால் அந்த ஏற்றம் இல்லை. உடம்பும் சும்மா இருப்பதில்லை. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் அவசர இதய நோய்ச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் இரண்டரை மடங்குக்கும் மேல் அதிகம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற தாத்தா, மேட்ச் சுவாரசியத்தில் இரவு மாத்திரையை மறக்கிற வீடுகள் கவனிக்க வேண்டும்.

பந்தயப் பணம் தனிக் கதை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. ஆனாலும் போட்ட கடன் வீட்டில் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை தனக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு அணிகள் ஆடும் ஆட்டத்துக்கும் வியர்த்துக்கொண்டிருந்தால், அது ரசிப்பா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

பையனிடம் வருகிறேன். மே 9 அன்று எல்லைப் பதற்றத்தால் ஐபிஎல்லை ஒரு வாரம் நிறுத்தினார்கள். அடுத்த முறை வந்தபோது, உட்காருவதற்கு முன்பே "திரும்ப மே மாசத்துல நிறுத்திட்டாங்க மேடம்" என்றான். அன்றுதான் அழுதான். அம்மாவும் அழுதார். நான் மேட்ச் பார்க்காதே என்று சொல்லவில்லை. டாஸுக்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிடு, ஆட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் போனைத் தொடாதே, தூங்கும்போது ஜெர்சியைக் கழற்றி மடித்து வை. இவ்வளவுதான் அவனுக்கு. அம்மாவுக்கு ஒன்றே ஒன்று: மேட்ச் இல்லாத ஒரு நாளில் தம்பியின் போட்டோவை எடுத்து வைத்து இருவரும் பேசுங்கள்.

மே 25, ஞாயிறு மதியம், கடைசி ஆட்டம். குஜராத்தை 83 ரன்னில் தோற்கடித்தும் சென்னைக்குக் கடைசி இடம்தான். அம்மா அன்று அடுப்படிக்குப் போகவில்லையாம். "பவர்பிளேன்னா என்னடான்னு கேட்டேன், மாமா சொல்ற மாதிரியே சொல்றான்" என்றார்.

தோல்விக்குப் பிறகு ஒரு நாள் மூட் அவுட்டாக இருந்தால் பயப்பட வேண்டாம், இரண்டாம் நாள் சரியாகிவிடும். தூக்கமும் சாப்பாடும் ஒரு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், வீட்டில் மற்றவர்கள் ஸ்கோர் பார்த்துப் பயந்தால், கடன் தெரிய வந்தால், ‘இருந்து என்ன பண்ணப் போறேன்’ என்ற மாதிரிப் பேச்சு ஒரு தடவை வந்தாலும்கூட, தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ்: 14416. கட்டணம் கிடையாது, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.