ஏற்றத்தில் மட்டும் திக்கிய கார்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் கார் ஏழாவது வளைவில் திக்க ஆரம்பித்தது. மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர், டர்போ பெட்ரோல் எஞ்சின். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி வெட்டி வெட்டி இழுப்பது போல ஒரு குலுக்கல். காலைக் கொஞ்சம் தளர்த்தினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும் மாப்பிள்ளை" என்றார் பின்சீட்டில் இருந்த மாமனார். இரண்டாவது கியரில் மெதுவாக ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தோம். வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தால், ஐடிலிங்கில் எஞ்சின் தையல் மெஷின் மாதிரி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஒரு ஒர்க் ஷாப்பில் ஸ்பார்க் பிளக் மூன்றையும் மாற்றியிருந்தேன். புதுப் பிளக் என்பதாலேயே அதன் மேல் சந்தேகம் வரவில்லை. கோளாறு அங்கேதான் இருந்தது.

பிளக்கின் நுனியில் நடுவே ஒரு கம்பி, பக்கத்திலிருந்து வளைந்து அதன் தலைக்கு மேல் நிற்கும் இன்னொரு கம்பி, இரண்டுக்கும் இடையே ஒரு சின்னச் சந்து. மெக்கானிக்குகள் அதைக் 'கேப்' என்பார்கள். அந்தச் சந்தை மின்சாரம் தாண்டும்போது பொறி பறக்கிறது, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றிக்கொள்கிறது. பேட்டரியின் 12 வோல்ட்டால் அந்தத் தாண்டல் முடியாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் உட்கார்ந்திருக்கும் இக்னிஷன் காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றித் தருகிறது. எத்தனை ஆயிரம் வேண்டும் என்பதைக் காயில் முடிவு செய்வதில்லை. சந்தில் நிற்கும் காற்றுதான் முடிவு செய்கிறது.

1889-இல் ஃபிரெட்ரிக் பாஷென் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் இதை அளந்து ஒரு விதியாகச் சொன்னார். பொறி தாண்டத் தேவையான வோல்ட், வாயுவின் அழுத்தத்தையும் சந்தின் அகலத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. பிளக்கில் நடக்கிற வரம்புக்குள், அந்தப் பெருக்கல் கூடக் கூட வோல்ட்டும் கூடும். ஏன் என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமானது. சந்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் எலக்ட்ரான்களை மின்புலம் இழுக்கிறது. ஒரு எலக்ட்ரான் நன்றாக வேகமெடுத்துக் காற்றின் மூலக்கூறு ஒன்றில் மோதினால் இன்னொரு எலக்ட்ரானைத் தட்டிவிடும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும், கண்மூடித் திறப்பதற்குள் பொறி. ஆனால் காற்று நெருக்கமாக இருந்தால் வேகமெடுக்க இடமே கிடைக்காது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று ரங்கநாதன் தெருவில் ஓடிப் பாருங்கள், புரியும். இரண்டடி வைப்பதற்குள் யார் மேலாவது முட்டி நிற்க வேண்டியதுதான். அந்த நெருக்கடியிலும் வேகமெடுக்க வைக்க வேண்டுமானால் இழுவிசையைக் கூட்ட வேண்டும். அதாவது, வோல்ட்டைக் கூட்ட வேண்டும்.

இப்போது டர்போவுக்கு வருவோம். வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழல, அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. ஐடிலிங்கில் த்ராட்டில் என்ற காற்றுக் கதவு கிட்டத்தட்ட மூடியிருப்பதால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குதான். மலையேறும்போது டர்போ முழுசாக வேலை செய்தால் அது வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கூட்டிக் கழித்துப் பார்த்தால், அதே சிலிண்டருக்குள் ஐந்தாறு மடங்கு காற்று. அதைப் பிஸ்டன் இன்னும் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. பொறி தாண்ட வேண்டியது இந்தக் கூட்டத்தைத்தான்.

கார் சமதளத்தில் சமர்த்தாக ஓடி ஏற்றத்தில் மட்டும் திக்கியது இதனால்தான். டர்போ காரில் பிளக் சரியாக இருக்கிறதா என்பதை ஐடிலிங்கில் கேட்டுச் சொல்லவே முடியாது. ஷெட்டில் வைத்து ரெய்ஸ் பண்ணிப் பார்த்து "சூப்பரா இருக்கு சார்" என்று சாவியைக் கையில் கொடுப்பதற்கு அர்த்தமே இல்லை, அங்கே எஞ்சின் மீது சுமை கிடையாதே.

வீட்டுக்கு வந்து பிளக் பெட்டியைத் தேடி எடுத்தேன். குறியீட்டின் கடைசியில் 11 என்று இருந்தது. ஜப்பானிய பிளக்குகளில் அந்த எண் பெரும்பாலும் கேப்பைக் குறிக்கும்: 1.1 மி.மீ. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது நல்ல அளவு. சிறிய டர்போ எஞ்சின்களுக்கு வழக்கமாக 0.7, 0.8 மி.மீ. அளவில்தான் கேட்பார்கள். பார்வைக்கு ஒரு நூல் வித்தியாசம். பாஷென் கணக்கில் அது தேவைப்படும் வோல்ட்டைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காக்கிவிடும்.

சரி, கேப் குறைவாக இருந்தால்தான் நல்லது என்றால் 0.4-க்கு நெருக்கிவிடலாமா? கூடாது. பொறியிலிருந்து பிறக்கும் தீ முதலில் கடுகளவுதான் இருக்கும். இரண்டு உலோகங்களுக்கு நடுவே அதை நெருக்கினால், வளர்வதற்குள் உலோகம் சூட்டை உறிஞ்சி அணைத்துவிடும். ஐடிலிங் தள்ளாடும். எவ்வளவு நெருக்கலாம் என்று கார் நிறுவனம் சோதித்துத்தான் கையேட்டில் போட்டிருக்கிறது, நாம் அதில் புத்திசாலித்தனம் காட்ட வேண்டியதில்லை.

கேப் தவிர இன்னொரு எண்ணும் முக்கியம், அதன் பெயர் 'ஹீட் ரேஞ்ச்'. 'ஹாட் பிளக்' என்றால் சூடான பொறி தரும் என்று பலர் நினைக்கிறார்கள். பொறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானின் மூக்கு நீளமாக இருந்தால், நுனியில் ஏறிய சூடு வெளியேறச் சுற்றுவழி போக வேண்டும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கிவிடும். அது கோல்டு, அதாவது குளிர்ந்த பிளக். நுனி சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். 900-ஐ நெருங்கினாலோ பொறி வருவதற்கு முன்பே அந்த நுனியே கங்கு போலக் கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் மேலே ஏறிவரும்போதே வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டர்போ எஞ்சினில் சூடு அதிகம் என்பதால் சற்றே கோல்டு பிளக் போடுவார்கள்.

இதில் ஒரு குழி இருக்கிறது. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் கோல்டு. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் ஹாட்! போதாததற்கு என்ஜிகேயின் 6, டென்சோவில் 20. 7 என்பது 22. கடைக்காரர் "இதுவும் ஏழு, அதுவும் ஏழு" என்று கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். உதாரணத்துக்கு என்ஜிகேயின் பழைய, பிரபலமான குறியீடு ஒன்று: பிகேஆர்6ஈ-11. முதல் இரண்டு எழுத்துகள் 14 மி.மீ. திரெட்டையும் (திருகும் மரை) 16 மி.மீ. ஸ்பேனர் அளவையும் சொல்கின்றன. ஆர் என்பது ரேடியோவில் கரகரப்பு வராமல் தடுக்க உள்ளே வைத்த ரெசிஸ்டர். 6 ஹீட் ரேஞ்ச். ஈ என்றால் திரெட் நீளம் 19 மி.மீ. 11 நமக்குத் தெரியும். இன்றைய சிறு எஞ்சின்கள் பலவற்றில் 12 மி.மீ. திரெட், அதுவும் நீளமானது. நீளம் மாறினால் ஒன்று பிளக் குழிக்குள் பதுங்கிவிடும், இல்லையென்றால் நீட்டிக்கொண்டு பிஸ்டனிடம் அடிவாங்கும்.

இரிடியமா, பிளாட்டினமா, காப்பரா என்று கேட்பவர்களுக்கு: 'காப்பர் பிளக்' என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று. செம்பு உள்ளே இருக்கிறது, சூட்டைக் கடத்த. அது இரிடியம் பிளக்கிலும் உண்டு. பொறி படும் நுனி நிக்கல் கலவை. நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. கார் 60 கி.மீ. வேகத்தில், 2,400 ஆர்பிஎம்மில் போகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்ற கணக்கில், ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு பிளக்கிலும் 1,200 பொறி. 20,000 கி.மீ.க்கு 2.4 கோடி. ஒவ்வொரு பொறியும் நுனியை அணுவணுவாகக் கரைக்கிறது. கூர்முனை மழுங்கும், கேப் அகலும். இரிடியம் கெட்டி என்பதால் நுனியை ஊசி போல 0.4 முதல் 0.6 மி.மீ. வரை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. கூர்மையான இடத்தில் மின்புலம் குவியும், இடிதாங்கியின் முனை கூராக இருப்பது போல. அதனால் அதே கேப்பைக் குறைந்த வோல்ட்டில் தாண்டலாம். டர்போவுக்கு இரிடியம் பொருந்துவது முக்கியமாக இந்தக் காரணத்துக்காகத்தான். பிக்கப் கூடும், மைலேஜ் எகிறும் என்பதெல்லாம் தேய்ந்த பிளக்கைக் கழற்றிவிட்டு எந்தப் புதுப் பிளக்கைப் போட்டாலும் தெரியும் மாற்றம்.

மறுவாரம் நானே கழற்றினேன். எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், பிளக் எஃகு, சூட்டில் அலுமினியத் திரெட் எளிதில் பிய்ந்துகொண்டு வந்துவிடும். காயிலின் சாக்கெட் பூட்டு பிளாஸ்டிக், சூட்டில் வெந்து மொறுமொறுவென்று இருக்கும், பொறுமை தேவை. காயிலை உருவியதும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றினேன். இல்லையென்றால் பிளக் வெளியே வரும்போது மண் சிலிண்டருக்குள் போகும். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று குழம்பாமல் இருக்க, மூன்றையும் வரிசையாக முட்டை அட்டையில் வைத்தேன்.

பழைய பிளக்கைப் பார்ப்பது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பார்ப்பது போல. வெளிர் பழுப்பு, சாம்பல் என்றால் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது பிளக் மிகவும் கோல்டு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் எங்கிருந்தோ சிலிண்டருக்குள் இறங்குகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு. பீங்கானில் அலுமினியத் துகள்கள் மினுமினுத்தால் பிஸ்டன் கரைகிறது என்று பொருள், வண்டியை எடுக்கவே கூடாது. உலோக விளிம்பை ஒட்டிப் பீங்கானைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். அது வாயு கசிவு இல்லை. உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறை.

என் நடுப் பிளக்கில் இருந்தது வேறு. பீங்கானின் வெளிப்புறத்தில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு போட்டது போல ஒரு கறுப்புத் தடம். உள்ளே கேப்பைத் தாண்ட முடியாத மின்சாரம், பீங்கானின் வெளிப்புறம் வழியாக உலோக உடலுக்குக் குதித்திருக்கிறது. ஒருமுறை அந்தக் கரித்தடம் விழுந்துவிட்டால் அடுத்த முறை அதுவே குறுக்குவழி. டயாக்னாஸ்டிக் கருவியைச் செருகியபோது வந்த பி0302 என்ற பிழைக் குறியீடும் அதே இரண்டாவது சிலிண்டரைத்தான் காட்டியது. காரின் கம்ப்யூட்டர் பொறியைப் பார்ப்பதில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் எந்தச் சிலிண்டரின் முறையில் ஒரு கணம் தயங்குகிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கிறது.

கையேட்டில் போட்டிருந்த எண்ணிலேயே புதியவை வாங்கினேன். கேப்பை அளக்க நாணயம் போன்ற வட்டக் கேஜைச் சந்தில் திணித்து நெம்பக் கூடாது, இரிடியம் நுனி பட்டென்று உடையும். கம்பிக் கேஜ் போதும்; வளைப்பதாக இருந்தால் பக்கக் கம்பியை மட்டும். கீழே விழுந்த பிளக்கைப் போடாமல் இருப்பதே மேல், பீங்கானில் விழும் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ரப்பர் குழாயில் பிளக்கைச் செருகி, விரலால் சுற்றி உள்ளே விட்டால் திரெட் மாறி ஏறாது. ரப்பருக்கு அந்த முரட்டுத்தனம் கிடையாது, தவறாகப் போனால் வழுக்கிவிடும். அப்புறம் டார்க் ரெஞ்ச், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர். 12 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 15 முதல் 20 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு எத்தனை சுற்று என்று பெட்டியிலேயே படம் இருக்கும். திரெட்டில் கிரீஸ் தடவக் கூடாது. வழுக்கினால் ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகி, திரெட் போய்விடும். தளர்வாக விட்டாலும் ஆபத்துதான். பிளக்கின் சூடு பெரும்பாலும் அந்தத் திரெட்டும் வாஷரும் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. வாஷர் சரியாக நசுங்கி உட்காராவிட்டால் கோல்டு பிளக்கும் ஹாட் பிளக்காகிவிடும்.

அடுத்த மாதம் ஏற்காடு போனபோது மூன்றாவது கியரிலேயே ஏழாவது வளைவைத் தாண்டினோம். மாமனார் பெட்ரோல் பங்க்கை மாற்றியதால்தான் என்று இன்னும் நம்புகிறார். நான்கு மாதம் கழித்து நடுக் காயில் செத்துப்போனது. தப்பான பிளக் இருந்த அந்த மூன்று வாரமும் தாண்ட முடியாத சந்தைத் தாண்டச் சொல்லி அதை வதைத்திருக்கிறோம். உள்ளே இருந்த இன்சுலேஷன் எங்கோ வெந்து போயிருக்க வேண்டும். மூன்று பிளக்கின் விலையைவிட அந்த ஒரு காயிலின் விலை அதிகம்.